பரம்பரை ரிவால்வர்: ஆயுதமா, சொத்தா, சான்றா?

தாத்தா காலத்து ரிவால்வர் ஒன்று பேரன் கைக்கு வருகிறது. அதை அவர் என்னவென்று கொள்வது? கேள்வி சிறியது, ஆனால் ஒன்றரை நூற்றாண்டாக இதற்கு வெவ்வேறு இடங்களிலிருந்து வெவ்வேறு விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. அரசு அதை ஆயுதம் என்கிறது. குடும்பம் சொத்து என்கிறது. பழம்பொருள் சந்தை அதற்கு ஒரு விலை வைக்கிறது. அருங்காட்சியகம் அதை ஆவணமாகப் பார்க்கிறது. எந்த விடையை ஏற்கிறோமோ அதற்கேற்பத்தான் அந்தத் துப்பாக்கியைத் துடைப்பதா, தீட்டுவதா, ஒப்படைப்பதா, உருக்குவதா என்பதும் முடிவாகிறது.

2019 வரை ஒரே வேலூர் மாவட்டமாக இருந்து இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்திருக்கும் தோல் தொழில் வட்டாரத்தில் இந்தக் கேள்வி எழுவதற்குக் காரணங்கள் உண்டு. வேலூர்க் கோட்டையும் ஆற்காடு, ராணிப்பேட்டை முகாம்களும் நெடுங்காலம் படைகளைக் கண்டவை. ஆரணி ஜாகிர் போன்ற பழைய உடைமைகள் அருகே இருந்தன. கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு படைக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் தோல் வணிகர்கள் பெரும் பணத்தோடு பயணம் செய்தவர்கள். தற்காப்புக்கு உரிமம் கேட்கும் காரணம் அவர்களுக்கு இருந்தது. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவக் காலணிகளின் மேல்தோலுக்காகச் சென்னை மாகாணத்தில் பட்டையிட்டுப் பதனிட்ட தோலை அரசே கட்டுப்பாட்டில் எடுத்து வாங்கியது. ஆக, படையும் தோலும் கைத்துப்பாக்கியும் இங்கே ஒன்றையொன்று தொட்டே இருந்திருக்கின்றன. கலவையிலோ ஆற்காட்டிலோ ஒரு பழைய பெட்டிக்குள் அப்படி ஒன்று இருக்குமானால் அதில் வியப்பில்லை. அதை அடையாளம் காணும் முறையும் காப்பாற்றும் முறையும் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதே இங்கே ஆராயப்படுவது.

அரசின் விடை: ஆயுதம்

தமிழகத்தில் ஆயுதக் களைவு என்பது ரிவால்வருக்கு முந்தைய கதை. பாளையக்காரர் போர்கள் முடிந்ததும் 1801 டிசம்பர் 1-ஆம் தேதி ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிக்கை, தென்னகப் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. நாடு முழுவதற்குமான உரிம முறையை 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உறுதிப்படுத்தியது. ஐரோப்பியருக்கு விலக்கு, இந்தியருக்கு உரிமம் என்ற அதன் பாகுபாட்டை எதிர்த்துக் காங்கிரஸ் தனது மூன்றாவது மாநாட்டில் தீர்மானம் போட்டது. அந்த மாநாடு 1887-ல் சென்னையில் நடந்தது. விடுதலைக்குப் பின் வந்த 1959-ஆம் ஆண்டுச் சட்டம் பாகுபாட்டை நீக்கியது. உரிமம் என்ற அடிப்படையை நீக்கவில்லை. குடகு மக்களுக்கு மட்டும் காலனிய காலத்து விலக்கு தொடர்கிறது. 2019-ல் அது மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது.

இந்தச் சட்டத்தின் பார்வையில் உரிமம் ஆளுக்கானது, துப்பாக்கிக்கானதல்ல. உரிமம் பெற்றவர் இறந்ததும் வீட்டில் இருக்கும் துப்பாக்கி உரிமமற்றதாகிவிடும். அதைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு. பின்னர் வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்கலாம், அல்லது விற்றுவிடலாம். 2016-ஆம் ஆண்டு விதிகள் வாரிசுக்கு வழி சொல்கின்றன: உரிமதாரர் இறந்தாலும், அவருக்கு 70 வயது ஆனாலும், துப்பாக்கி அவரிடம் 25 ஆண்டுகள் இருந்திருந்தாலும், வாரிசு விண்ணப்பிக்கலாம். 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பரம்பரையாக வந்தது என்பதற்காக அந்த வரம்பு தளர்த்தப்படாது என்றும் சொல்லிவிட்டது.

சட்டத்துக்குப் பழமை தெரியாது என்று சொல்லிவிட முடியாது. 45-ஆம் பிரிவு, வழக்கொழிந்த வகையைச் சேர்ந்த, அல்லது பழம்பொருள் மதிப்புள்ள, அல்லது பழுதுபட்ட ஆயுதம், பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடப் பயன்படாது எனில் சட்டத்துக்கு வெளியே நிற்கும் என்கிறது. சிக்கல் அந்தக் கடைசி நிபந்தனையில் இருக்கிறது. அது மூன்று வகைக்கும் பொருந்துமானால், பழம்பொருள் மதிப்பு மட்டும் போதாது. துப்பாக்கி திருத்தவே முடியாதபடி செத்திருக்கவும் வேண்டும். நல்ல நிலையில் காப்பாற்றப்பட்ட துப்பாக்கிக்கு உரிமம் தேவை, துருவேறி இறுகிப்போனதற்குத் தேவையில்லை என்ற விசித்திரமான முடிவுக்கு இது கொண்டுபோகிறது. 2020 பிப்ரவரியில் வந்த விதித் திருத்தம் ‘க்யூரியோ’ எனப்படும் அரும்பொருள் வகைச் சிறு ஆயுதங்களை வாங்கவும் வைத்திருக்கவும் இந்தியக் குடிமக்களுக்கு உரிமம் தேவையில்லை என்று தளர்த்தியது. ஆனால் எடுத்துச் செல்லவும் பயன்படுத்தவும் உரிமம் வேண்டும். தளர்வு உண்மையானதுதான், ஆனால் கையிலிருப்பது அந்த வகையைச் சேர்ந்ததுதானா என்று யாராவது அடையாளம் கண்டு சொன்னால்தான் அது பயன்படும்.

இன்னொரு தடையும் உண்டு. 1962-ஆம் ஆண்டு விதிகளின் முதல் அட்டவணை, .380 அல்லது .455 விளிம்புத் தோட்டாவைச் சுடக்கூடிய ரிவால்வர்களைத் தடைசெய்யப்பட்ட வகையில் வைத்தது. பிரிட்டிஷ் இந்தியப் படைகளில் மிகுதியாகப் புழங்கிய வெப்ளி ரிவால்வரின் குழல் அளவு .455. எந்த ரிவால்வர் இப்பகுதியில் கிடைக்க வாய்ப்பு அதிகமோ, அதற்குத்தான் மாவட்ட அளவில் சாதாரண உரிமம் கிடைப்பது கடினம். அரசின் விடை பொதுப் பாதுகாப்பை நோக்கியது. அந்த நோக்கத்தைக் குறைசொல்ல இடமில்லை. அதன் குறை, அது ஒரே ஒரு கேள்வியைக் கேட்பது: இது சுடுமா?

குடும்பத்தின் விடை: சொத்தும் பெருமையும்

குடும்பம் கேட்கும் கேள்வி வேறு: இது யாருடையது? பட்டாவும் பாத்திரமும் போலத் துப்பாக்கியும் வழிவழியாக இறங்குகிறது என்ற எண்ணம் இயல்பானது. ஆயுத பூசையன்று அது வெளியே எடுக்கப்பட்டு, சந்தனம் குங்குமம் இடப்பட்டு, மறுபடி உள்ளே போகிறது. துப்பாக்கியைக் குறித்த நினைவைத் தலைமுறை தாண்டிக் கொண்டுவருவது இத்தகைய வழக்கங்கள்தான்; காவல் நிலையப் பதிவேடு அதைச் செய்வதில்லை. அந்த அளவில் குடும்பத்தின் விடைக்கு மதிப்பு உண்டு.

ஆனால் குடும்ப நினைவு சான்றாக நிற்கும்போது தடுமாறுகிறது. “தாத்தா போரிலிருந்து கொண்டுவந்தது” என்ற கூற்றை எடுத்துக்கொள்வோம். உலகப் போர்களில் சென்ற சாதாரணச் சிப்பாய்க்கு வழங்கப்பட்டது நீள் துப்பாக்கி. ரிவால்வர் பொதுவாக அதிகாரிகளுக்கும் சில சிறப்புப் பணியாளர்களுக்கும் உரியது. படை வழங்கிய ஆயுதத்தைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும். பிரிட்டிஷ் அதிகாரிகளோ நெடுங்காலம் தங்கள் ரிவால்வரைச் சொந்தப் பணத்தில் கடையில் வாங்கிக்கொண்டவர்கள். அரசுத் தோட்டா அதில் பொருந்தினால் போதும். எனவே ஒரு வெப்ளி இந்த வட்டாரத்து வீட்டுக்கு வந்த வழி போர்க்களமாக இருப்பதைவிட, ஊர் திரும்பும் அதிகாரி விற்றுவிட்டுப் போனதாகவோ சென்னைக் கடையில் உரிமத்தோடு வாங்கியதாகவோ இருக்கும் வாய்ப்பு கூடுதல். பி.ஆர் அண்ட் சன்ஸ், ஓக்ஸ் அண்ட் கம்பெனி போன்ற சென்னை நிறுவனங்களின் பெயர் பொறித்த துப்பாக்கிகள் இன்றும் ஏலங்களில் தென்படுகின்றன. கடைப்பெயர் குழலின் மேல் இருந்தால் போர்க்கதை தானாக அடங்கும்.

சட்டத்தின் முன்னும் குடும்பத்தின் விடை முழுமையாக நிற்காது. பரம்பரைச் சொத்து என்பதால் உரிமமின்றி வைத்திருக்கலாம் என்ற நம்பிக்கை பரவலானது, ஆபத்தானதும்கூட. உடைமை உரிமை வாரிசுக்கு வரலாம். கையில் வைத்திருக்கும் உரிமை தனியாகப் பெறப்பட வேண்டியது.

சந்தையும் அருங்காட்சியகமும்

பழம்பொருள் சந்தையின் விடை மேற்கில் உருவாகி இங்கே வந்தது. அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் 1898-லோ அதற்கு முன்போ செய்யப்பட்ட துப்பாக்கியைப் பழம்பொருள் என்று ஒதுக்கியது. பிரிட்டன் ஆண்டோடு தோட்டா வகையையும் பார்த்தது: கடைகளில் கிடைக்காத தோட்டாவைச் சுடும் பழைய துப்பாக்கியை அலங்காரமாக வைக்கலாம். அந்தத் தளர்வைக் குற்றவாளிகள் பயன்படுத்திக்கொண்டதால் 2021-ல் ஏழு தோட்டா வகைகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பழையது என்றால் தீங்கற்றது என்ற அனுமானத்துக்கு இது ஒரு நல்ல மறுப்பு. சந்தையின் இன்னொரு குறை, அது அரிய வகைக்கும் பளபளப்புக்கும் விலை கொடுப்பது. ஒரு சிற்றூர் வணிகரின் தேய்ந்த பெல்ஜிய ரிவால்வருக்குச் சந்தையில் மதிப்பு குறைவு. அந்த ஊரின் வணிக வரலாற்றுக்கு அது முதல்தரச் சான்றாக இருக்கலாம்.

அருங்காட்சியகம் பொருளைப் படிக்கிறது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனைப் படைக்கலக் கொட்டிலிலிருந்து வந்த ஆயுதங்கள் இருக்கின்றன. 1930-ல் தொடங்கிய அதன் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் உலோகப் பாதுகாப்பில் நாட்டின் முன்னோடிகளுள் ஒன்று. ஆனால் எல்லா வீட்டு ரிவால்வருக்கும் அங்கே இடம் இருக்க முடியாது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த பொருளைத் தொல்பொருள் என்கிறது. அந்தக் கணக்கில் முதல் உலகப் போர்க் காலத்து ரிவால்வர்கள் அனைத்தும் இப்போது எல்லையைக் கடந்துவிட்டன. இவற்றையெல்லாம் ஏற்று வைக்கும் வசதி எந்த மாவட்ட அருங்காட்சியகத்துக்கும் கிடையாது. படிக்கத் தெரிந்த இடத்தில் வைக்க இடமில்லை. வைத்திருக்கும் வீட்டில் படிக்கத் தெரிந்தவர் இல்லை.

அடையாளம்: முத்திரை சொல்வதும் சொல்லாததும்

இந்த நான்கு விடைகளுக்கும் அடியில் ஒரே முன்நிபந்தனை இருக்கிறது. உரிமம் கோருவதற்கும், விலக்கு கேட்பதற்கும், குடும்பக் கதையைச் சோதிப்பதற்கும், அருங்காட்சியகத்துக்கு எழுதுவதற்கும் முதலில் இது இன்னது என்று தெரிந்தாக வேண்டும். அதற்கும் முன்பு ஒரு படி உண்டு: பழைய ரிவால்வர் எதுவும் குண்டு நிரம்பியதாகவே கருதப்பட வேண்டும். அதைத் திறந்து பார்க்கும் வேலை வாரிசுடையதல்ல; காவல்துறை ஆயுதப் பணியாளரோ உரிமம் பெற்ற வணிகரோ செய்ய வேண்டியது.

ரிவால்வரின் வடிவமே ஓரளவு காலத்தைச் சொல்லும். சாமுவேல் கோல்ட் 1835-ல் பிரிட்டனிலும் 1836-ல் அமெரிக்காவிலும் காப்புரிமை பெற்றார். ராபர்ட் ஆடம்ஸின் 1851 மாதிரியும் அதைத் திருத்திய 1856-ஆம் ஆண்டு பியூமாண்ட்-ஆடம்ஸும் உருளையின் ஒவ்வோர் அறையிலும் மருந்தும் குண்டும் தனித்தனியே இட்டு, பின்னால் வெடிமூடி செருகிச் சுடுபவை. உலோகத் தோட்டா வந்தபின் அமைப்பு மாறியது. வெப்ளியின் படைத்துறை வரிசை 1887-ல் முதல் மார்க்குடன் தொடங்கி 1915-ல் ஆறாம் மார்க்கில் முடிகிறது. இடப்பக்கத் தாழை விரலால் தள்ளினால் குழல் முன்னோக்கி மடிந்து உருளையின் பின்புறம் திறப்பது அதன் அடையாளம். 1921 முதல் 1926 வரை ஆறாம் மார்க்கை என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையும் செய்தது. எனவே அதே உருவத்தில் என்ஃபீல்டு முத்திரை இருந்தால் அது முதல் உலகப் போரில் பயன்பட்டிருக்க முடியாது.

அடுத்தது முத்திரைகள். பர்மிங்காம், லண்டன் சோதனைக்கூட முத்திரைகள் கிரீடத்தோடு கூடியவை. பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனை முத்திரை நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. எழுத்துகள், 1893-க்குப் பிறகு அதன்மேல் கிரீடம் சேர்ந்தது. அந்தச் சின்னஞ்சிறு கிரீடம் இருக்கிறதா இல்லையா என்பதே ஒரு துப்பாக்கியை 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளுக்கு முன்னோ பின்னோ நிறுத்திவிடும். பிரிட்டிஷ் அரசு உடைமைக்கு அகன்ற அம்புக்குறி. இந்திய அரசுக்கு உரியவற்றில் அதனோடு ஆங்கில ஐ எழுத்து. படையிலிருந்து முறையாக விற்கப்பட்டால் இரண்டு அம்புகள் முனையோடு முனை தொடும்படி இன்னொரு முத்திரை விழும். ஒற்றை அம்பு மட்டும் இருந்து விற்பனை முத்திரையும் தாளும் இல்லையென்றால், அது எப்படி வீட்டுக்கு வந்தது என்ற கேள்வி திறந்தே நிற்கும்.

முத்திரையை மட்டும் நம்புவதும் தவறு. பெஷாவருக்குத் தெற்கே தாரா ஆதம் கேல் பட்டறைகளில் நூறாண்டுக்கும் மேலாகப் பிரிட்டிஷ் துப்பாக்கிகளின் நகல்கள் செய்யப்படுகின்றன. விக்டோரியாவின் முதலெழுத்துகளும் அவர் 1901-ல் இறந்ததற்குப் பிந்தைய ஆண்டும் சேர்ந்தே பொறித்த நகல்கள் பெயர்பெற்றவை. எழுத்து திரும்பி நிற்பதும் உண்டு. எனவே வடிவம், முத்திரை, எண், தாள் ஆகிய நான்கும் ஒன்றையொன்று ஆதரிக்க வேண்டும். நான்கில் ஒன்று முரண்பட்டால், மற்ற மூன்றையும் மறுபடி பார்க்க வேண்டும்.

எண்ணும் தாளும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்திய வரலாற்றிலேயே இரண்டு சான்றுகள். 1914 ஆகஸ்ட் 26-ல் கல்கத்தா ரோடா நிறுவனத்தின் 50 மவுசர் கைத்துப்பாக்கிகளைப் புரட்சியாளர்கள் கவர்ந்தனர். ஒவ்வொன்றின் எண்ணும் நிறுவனத்தின் பதிவில் இருந்ததால்தான் பின்னர் நடந்த தாக்குதல்களை அந்தக் கொள்ளையோடு காவல்துறையால் இணைக்க முடிந்தது. இரண்டாவது, 1928-ல் லாகூரில் காவல் அதிகாரி சாண்டர்ஸ் கொலையில் பகத் சிங் பயன்படுத்திய .32 கோல்ட் தானியங்கிக் கைத்துப்பாக்கி. எல்லைப் பாதுகாப்புப் படையின் இந்தூர்ப் பயிற்சிப் பள்ளியில் பல பழைய ஆயுதங்களோடு ஒன்றாக அது கிடந்தது. வழக்கு ஆவணத்திலிருந்த 168896 என்ற எண்ணோடு பொருத்திப் பார்த்து 2016-ல் அடையாளம் கண்டனர். துரு பிடிக்காமலிருக்க அதன்மேல் பூசியிருந்த கருப்பு வண்ணத்தை அகற்றிய பிறகே எண் கண்ணுக்குத் தெரிந்தது. நல்லெண்ணத்தோடு செய்த பாதுகாப்பு, அடையாளத்தை நெடுங்காலம் மூடிவைத்திருந்தது.

பாதுகாப்பு: தோல் உறையும் துருவும்

அடையாளம் என்பது உலோகத்தின் மேல்பரப்பில் ஒரு மயிரிழை ஆழத்தில் இருக்கிறது. பாதுகாப்பு பற்றிய விவாதம் முழுவதும் அந்த மயிரிழையைப் பற்றியதுதான். ஒரு தரப்பு, பொருளை அது பிறந்த நாளின் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறது: உப்புத்தாளால் தேய்த்து, பஃப் சக்கரத்தில் மெருகேற்றி, புதிதாக நீலமுலாம் கொடுப்பது. மறுதரப்பு, இருக்கும் நிலையை இருக்கிறபடி நிறுத்தி, மேலும் அழியாமல் மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. கட்டடப் பாதுகாப்பில் 19-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிய இந்தச் சண்டையில், உலோகப் பாதுகாப்பாளர்கள் இன்று பெரும்பாலும் இரண்டாம் பக்கம் நிற்கிறார்கள். காரணம் எளிது. தேய்த்த முத்திரை திரும்ப வராது. முத்திரை குத்தும்போது அதன் கீழுள்ள உலோகமும் நசுங்குவதால், அழிந்த எண்ணைத் தடயவியலாளர்கள் அமிலம் கொண்டு சில சமயம் மீட்கிறார்கள். ஆனால் அந்த முறையே மேல்பரப்பைத் தின்றுவிடும்.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு பிரச்சினை தோல் உறை. துப்பாக்கியை அதன் உறையிலேயே வைத்திருப்பது பலருக்குச் சரியாகத் தோன்றும். தோல்ஷாப்பில் வேலை பார்த்தவருக்கு அது சரியல்ல என்று தெரிந்திருக்கும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடும் தொட்டியில் இரும்பு பட்டால் தோலில் நீலக்கருப்புக் கறை விழும். பட்டையிலுள்ள டேனினும் இரும்பும் கூடிய விளைவு அது. உறைக்குள் நடப்பதும் அதே வினைதான், மெதுவாக. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் தோல் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, தன் அமிலத்தோடு சேர்த்து இரும்பின் மேல் நாள்தோறும் ஒற்றுகிறது. பித்தளைக் கொக்கியும் தோட்டாக் கூடும் தோலின் கொழுப்போடு சேர்ந்து பச்சைக் களிம்பு பூக்கும். குரோம் தோலும் விதிவிலக்கல்ல. அதில் எஞ்சும் உப்புகள் இரும்புக்கு ஆகாதவை.

இதற்கு ஓர் எதிர்க்கேள்வி உண்டு. துருப்பிடித்த இரும்புத் தொல்பொருள்களுக்குப் பாதுகாப்பாளர்களே டேனிக் அமிலம் பூசுகிறார்களே, அப்படியானால் டேனின் எப்படித் தீங்காகும்? இரண்டும் உண்மை. ஆய்வகத்தில் அளந்து பூசி உலர்த்தி மெழுகிட்டு மூடும்போது, டேனின் துருவை நிலையான கரும்படலமாக மாற்றுகிறது. உறைக்குள் அளவுமில்லை, உலர்த்தலுமில்லை. ஈரம் நிற்கும்வரை அரிப்பும் நிற்காது. வேறுபாடு ஈரத்தைக் கட்டுப்படுத்துவதில் இருக்கிறது.

உறையைத் தூக்கி எறியலாம் என்று இதற்குப் பொருளல்ல. முதல் உலகப் போர்க் காலப் படை உறைகளின் உட்புறத்தில் செய்தவர் பெயரும் ஆண்டும் குத்தப்பட்டிருப்பது வழக்கம், அதுவும் சான்றே. பட்டைத் தோல் நாட்பட்டுச் செம்பொடியாக உதிரும் நிலைக்கு வந்திருந்தால், எண்ணெய் தடவுவது அதைக் கருக்கவே செய்யும். துப்பாக்கியும் உறையும் ஒரே குறிப்போடு, ஆனால் தனித்தனியாக இருக்க வேண்டும். இரும்புக்கு ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பது நல்லது. மிகவும் உலர்ந்தால் தோலும் மரப்பிடியும் வெடிக்கும். வெப்ளியின் கருப்புப் பிடி கடின ரப்பர். வெயில் பட்டால் அது கந்தக அமிலம் கசியும்.

வீட்டு வழக்கங்களில் கைவிட வேண்டியவை சில. தேங்காய் எண்ணெய் நாளடைவில் புளித்துவிடும். பதிலாகத் தையல் மிஷினுக்கு இடும் மெல்லிய கனிம எண்ணெய் ஒரு துணியில் தொட்டு ஒற்றினால் போதும். பித்தளைக்குப் புளி தேய்ப்பது முத்திரையையும் சேர்த்துத் தேய்ப்பதாகும். ஆயுத பூசைச் சந்தனத்தைப் பெட்டியின் மேல் இடலாம். உலோகத்தின் மேல் இட்ட ஈரச் சந்தனம் அடுத்த பூசைவரை அரித்துக்கொண்டிருக்கும். பழுப்பேறி நிலைத்த பரப்பையும், தொட்டால் விரலில் ஒட்டும் ஆரஞ்சுத் துருவையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். முன்னது பொருளின் வயது. பின்னதுதான் நோய்.

மூன்று எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் வலுவானது: துப்பாக்கி என்பது கொல்லும் கருவி, வீட்டில் இருந்தால் திருட்டுக்கும் கோபத்துக்கும் தற்கொலைக்கும் வழி, எனவே எல்லாவற்றையும் வாங்கி அழித்துவிடுவதே நல்லது. இதற்குப் பதில், சான்றாகக் கொள்வதற்கும் வீட்டில் வைத்திருப்பதற்கும் கட்டாயத் தொடர்பு இல்லை என்பதுதான். ஒரு ரிவால்வரின் எண், முத்திரைகள், உரிமத் தாள், வந்த வழி ஆகியவை படமும் எழுத்துமாகப் பதிவானால், அதன்பின் அது வணிகரிடம் இருந்தாலும் அரசிடம் போனாலும் வரலாறு முழுதும் அழியாது. பதிவின்றி அழிப்பதுதான் இழப்பு.

இரண்டாவது: குழலை அடைத்துப் பற்றவைத்துச் செயலிழக்கச் செய்தால் சட்டமும் நினைவும் ஒருசேர நிறைவேறுமே. பெருவாரியாகச் செய்யப்பட்ட, தனிக்கதை எதுவும் இல்லாத துப்பாக்கிக்கு இது ஏற்கத்தக்க சமரசம். ஆனால் பற்றவைப்பின் சூடு மேல்பூச்சையும் முத்திரையையும் கெடுக்கும். உருளையும் குழலும் எப்படி இயங்கின என்ற தொழில்நுட்பச் சான்று மறையும். அரிய வகைக்கு இதைச் செய்யும் முன்னர் அது அரிய வகையா என்று தெரிய வேண்டும். வாதம் மறுபடி அடையாளத்தின் வாசலுக்கே வந்து நிற்கிறது.

மூன்றாவது: ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட வெப்ளியில் ஒன்றைக் காப்பதால் என்ன பயன்? வகை பொதுவானதுதான், எண் தனியானது. இந்தூரில் கிடந்த கோல்ட்டும் வகையால் சாதாரணமானதே. எனினும் இந்த வாதத்தில் ஒரு நியாயம் உண்டு: எல்லா ரிவால்வருக்கும் பகத் சிங் கிடைக்கமாட்டார். பெரும்பாலானவை ஒரு கடை, ஓர் உரிமம், ஒரு குடும்பம் என்ற அளவில்தான் நிற்கும். அவற்றுக்கு அருங்காட்சியகம் தேவையில்லை. ஒழுங்கான பதிவு போதும்.

இன்னும் தீராதவை

இதுவரை பார்த்ததிலிருந்து ஒரு வரிசையை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். முதலில் சட்டப்படியான ஒப்படைப்பு, பிறகு தேய்க்காமல் துலக்காமல் பதிவும் அடையாளமும், அதன்பின் மிகக் குறைந்த தலையீட்டோடு பாதுகாப்பு. நான்கு விடைகளில் எதுவும் தனியாகப் போதாது என்றாலும், ரிவால்வரைச் சான்றாகக் கொள்ளும் பார்வை மற்ற மூன்றுக்கும் அடிப்படை தருகிறது. உரிமம் கோரும் விண்ணப்பத்துக்குத் தேவையான எண்ணும் வரலாற்றாளருக்குத் தேவையான எண்ணும் ஒன்றே.

தீராத கேள்விகள் மூன்று. 45-ஆம் பிரிவின் ‘சுடப் பயன்படாது’ என்ற நிபந்தனையும் 2020 தளர்வும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன, குறிப்பாகத் தடைசெய்யப்பட்ட .455 அளவில் அமைந்த நூறாண்டு கடந்த ரிவால்வருக்கு எது பொருந்தும் என்பது சாதாரண வாரிசுக்குத் தெளிவாக இல்லை. இரண்டாவது, அடையாளம் சொல்லும் பொறுப்பு யாருடையது என்பது. ஆட்சியர் அலுவலகம், காவல்துறை, தடயவியல் துறை, தொல்லியல் துறை ஆகிய நான்கும் இதில் ஆளுக்கொரு துண்டைக் கையில் வைத்திருக்கின்றன. மூன்றாவது, ஒப்படைத்த பிறகான பராமரிப்பு. தேர்தல் அறிவிப்பு வரும்போதெல்லாம் உரிமம் பெற்ற துப்பாக்கிகள் காவல் நிலைய அறைக்குப் போகின்றன. வாரிசு உரிமம் நிலுவையில் இருக்கும் துப்பாக்கி மேலும் நீண்ட காலம் கிடக்கலாம். ஈரத்தையும் துருவையும் கணக்கில் கொள்ளும் முறை அங்கே இல்லாவிட்டால், சட்டத்தை மதித்த வாரிசே சான்றை இழப்பவராகிறார். அந்த அச்சம்தான் சிலரை ஒப்படைக்காமல் இருக்கவும் தூண்டுகிறது.

இவற்றில் முதலாவதற்குச் சட்டத் தெளிவு வேண்டும். இரண்டாவதற்குத் துறைகள் ஒருங்கிணைய வேண்டும். இரண்டும் நாள் பிடிப்பவை. மூன்றாவது ஒப்பீட்டளவில் எளிது. பெற்றுக்கொள்ளும்போதே எல்லா முத்திரைகளையும் படமெடுத்து ரசீதோடு இணைப்பதற்கும், உறையிலிருந்து பிரித்து உலர்ந்த பெட்டியில் வைப்பதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. வாரிசும் அதைக் கேட்டு வாங்கலாம்.